ஏரியைப் பார்க்கும் விருப்பம்

இரண்டு பக்கம் எழுதச் சொன்னால் மனிதர் இரண்டு பக்கம் எழுதவேண்டும். ஸ்ரீதரன் பத்தொன்பது பக்கம் எழுதி வைத்திருந்தார். அதுவும் கோடு போட்ட கொப்பித்தாளில், கண்ணைச் சுருக்கிப் பார்த்தாலும் பிடிபடாத நுணுக்கு எழுத்தில். அத்தனையையும் கைபேசியில் தட்டெழுதும் வேலை அவருடைய மனைவி சிவநேசத்தின் தலையில் விழுந்தது. அன்று ஞாயிற்றுக்கிழமை. மொன்ட்ரியாலின் டோர்வல் விமான நிலையத்தில், விமானங்களுக்குச் சாப்பாட்டுத் தட்டு அடுக்கும் சமையற்கூடத்தில் ஆறு நாள் நின்று கால் வீங்கியவளுக்குக் கிடைத்த ஒரேயொரு லீவு நாள். அது கோட்-டெ-நெய்ஜ் வீட்டுக் குசினி மேசையில் இப்படிக் கரைந்துகொண்டிருந்தது.

"ஸ்வீடன்காரர் வந்த கதையே மூண்டு பக்கம் போகுதப்பா," என்றாள். "இப்ப ஆருக்கு வேணும் ஸ்வீடன்காரர்?"

"நானூறு வருசத்துக்கு முந்திச் சண்டைக்கு வந்து அவங்கள் இடிச்ச ஊர் மதிலைத் திருப்பிக் கட்டேக்கைதான் வடக்கு வாசல் வந்தது. வடக்கு வாசல் இல்லாட்டி உப்பு வண்டில் வராது. உப்பு வண்டில் இல்லாட்டிச் சந்தை இல்லை," என்றார் ஸ்ரீதரன், தேநீரை ஊதியபடி. "ஒண்டையும் விடாமல் எழுதும்."

ஊரின் பெயர் லோர்வாங். ஜெர்மனியின் தெற்கே, பவேரியாவில், கூட்டிக் கழித்தால் நாலாயிரம் பேர் இருக்கும் சின்ன ஊர். எண்பத்தைந்தாம் ஆண்டு, இருபத்திரண்டு வயதில் அகதியாகப் போன ஸ்ரீதரனை அங்கேதான் கொண்டுபோய் விட்டார்கள். நாலு வருடம் இருந்தார். பிறகு மொன்ட்ரியால் வந்து, நடந்து போகும் தூரத்தில் இருந்த ஆஸ்பத்திரியில் முப்பது வருடம் தரை துடைத்து, போன வருடம்தான் ஓய்வு பெற்றார். அந்த நாலு வருடத்தைப் பற்றி அவர் வாய் திறந்ததே கிடையாது. கேட்டால், "குளிர், வேறென்ன" என்பதோடு சரி. இப்போது திறந்த வாய் மூடமாட்டேன் என்கிறது.

திறக்க வைத்தவன் கஜீவன். சிவநேசத்தின் தங்கை மகன். மொன்ட்ரியால்-நோரில் பயண முகவர் நிலையம் வைத்திருக்கிறான். இந்தக் கோடைக்கு நாற்பது தமிழரைக் கூட்டிக்கொண்டு ஐரோப்பா போகிறான்: பன்னிரண்டு நாள், ஐந்து நாடு, காலையில் இட்லி. அந்த ஐந்து நாட்டுக்குள் ஒருவரும் கேள்விப்படாத லோர்வாங்கை அரை நாளுக்கு நுழைத்தது பெரியப்பாவை வீட்டை விட்டுக் கிளப்புவதற்காகத்தான். "பெரியப்பா, ஊரின்ட வரலாறும் சுற்றுப்புறமும் ரெண்டு பக்கம் எழுதித் தாங்கோ, பஸ்ஸிலை வாசிப்பம்," என்றான். மனிதர் யன்னலைப் பார்த்தபடி, "ஓம், வாறன்," என்றார்.

சிவநேசம் அந்த "ஓம்" கேட்கக் காத்திருந்தது முப்பத்திரண்டு வருடம். கலியாணம் கட்டி வந்த நாளிலிருந்து இந்த மனிதரோடு அவள் எந்த ஊரையும் பார்த்ததில்லை. நயாகராவை அவள் பார்த்தது தங்கையோடு. கியூபெக் சிட்டியைப் பார்த்தது வேலைத்தலத்துப் பெண்களோடு. மியூனிக் விமானத்துக்குத் தட்டு அடுக்கும்போதெல்லாம், இதில் ஒரு தட்டு எனக்கு வராதா என்று நினைத்திருக்கிறாள். இவரோ ஆற்றைத் தாண்டி லவாலுக்கு மீன் வாங்கப் போவதென்றாலே அந்த நீல நிற ஃபைலைத் தூக்கிக்கொள்வார். குடியுரிமைப் பத்திரம், கடவுச்சீட்டு, குடியேறியபோது கொடுத்த லாண்டிங் பேப்பர், கலியாணப் பதிவு, முதல் வீட்டு ஒப்பந்தம், எல்லாம் அதற்குள். மீன் கடைக்காரன் கலியாணப் பதிவு கேட்பானா என்று அவளும் கேட்டுக் கேட்டு ஓய்ந்துவிட்டாள்.

தொண்ணூற்றைந்தில் ரொறொன்ரோவில் தங்கைக்குக் கலியாணம். கார் ஒன்ராறியோ எல்லையைத் தாண்டி கோர்ன்வால் வரை போய்விட்டது. அங்கே ஸ்ரீதரனுக்கு ஃபைல் ஞாபகம் வந்தது. அழுதும் பார்த்தாள், கத்தியும் பார்த்தாள். மனிதர் காரைத் திருப்பி மொன்ட்ரியால் வந்து ஃபைலை எடுத்துக்கொண்டுதான் மறுபடி புறப்பட்டார். அவர்கள் போய்ச் சேர்ந்தபோது மண்டபத்தில் பாயசம் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். "என்ட அம்மான்ட தாலிகட்டையே தவறவிட்ட ஆக்கள்," என்று கஜீவன் இன்றைக்கும் பகிடி பண்ணுவான். சிவநேசத்துக்கு அது பகிடியாகவே படுவதில்லை.

ஆகவே அவள் பல்லைக் கடித்துக்கொண்டு தட்டெழுதினாள். ஆயிரத்து எழுநூற்றி இருபத்தொன்றில் ஒரு பேக்கரிக்காரனின் அடுப்பிலிருந்து கிளம்பிய நெருப்பு ஊரையே தின்றது. கோயிலும் மதுச்சாலையும் மட்டும் மிஞ்சின. மணிக்கூண்டு நாலு நிமிடம் பிந்தி ஓடும்; அதைத் திருத்த ஊர்ச்சபை மூன்று தடவை கூடி, மூன்று தடவையும் வேண்டாமென்று விட்டது. ஒரு தடவை வெள்ளம் ஏறிய உயரத்துக்கு வடக்கு வாசற்தூணில் கோடு வெட்டியிருக்கிறார்கள். ஸ்ரீதரனின் தோளுக்கு வரும். பன்னிரண்டாம் பக்கத்திலிருந்து யோசெப் என்று ஒருவர் வந்து போகத் தொடங்கினார்.

"ஆர் உந்த யோசெப்?"

"மியூசியத்துக்குப் பொறுப்பான மனுசன். ஒரு அறைதான் மியூசியம். நாப்பத்தாறிலை, சண்டை முடிய செக் நாட்டுக்காரர் ஜெர்மன் ஆக்களைத் துரத்தேக்கை, பத்து வயதிலை பொகீமியாவிலை இருந்து அந்த ஊருக்கு வந்தவர். ஒரு சட்டியோட வந்தவையாம். அவரும் அகதிதான். பத்து வருசம் வந்தான் வரத்தான் எண்டு ஊர் ஒதுக்கி வச்சிருந்ததாம். பேந்து மியூசியக் கதவுத் திறப்பை அவரிட்டையே குடுத்திட்டினம்."

"அவரோட நாலு வருசம் என்ன செய்தனீங்கள்?"

"நாங்கள் வேலைக்குப் போகக்கூடாது, படிக்கவும் ஏலாது. மியூசியத்திலை குளிர் காய அடுப்பு இருந்தது, காசு கேக்கமாட்டினம். அகராதியை வச்சுக்கொண்டு ஊர் வரலாற்றை ரெண்டு தரம் வாசிச்சு முடிச்சன்."

நாலு வருடம் அடுப்புக்குப் பக்கத்தில் இருந்து புத்தகம் வாசித்த சோம்பேறித்தனத்தைப் பெருமையாகச் சொல்கிறாரே என்று சிவநேசத்துக்கு எரிச்சல் வந்தது. சொல்லவில்லை. பதினெட்டாம் பக்கத்தைப் புரட்டினாள். "சுற்றுப்புறம்" என்று தலைப்புப் போட்டு அடியில் கோடும் இழுத்திருந்தார். அப்பாடா, ஏரி வந்துவிட்டது என்று நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

அந்த ஏரிக்கும் அவளுக்கும் ஒரு கதை உண்டு. பிறந்த ஊரில் ஸ்ரீதரனின் தங்கையும் அவளும் ஒரே வகுப்பு. எண்பத்தாறில் ஒருநாள் அந்தத் தங்கை, தமையன் ஜெர்மனியிலிருந்து அனுப்பிய தபாலட்டையைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுவந்து காட்டினாள். நீல ஏரி, பின்னால் பனிமலை, நடுவில் ஒரு வெள்ளைத் தோணி. பின்பக்கத்தில் எழுதியிருந்தது: "12.7.86. இன்று நண்பர்களோடு இந்த ஏரிக்குப் போனேன். தோணியில் போனோம். தண்ணீர் நல்ல குளிர். படிப்பைக் கவனி." பதினேழு வயதில் சிவநேசம் அந்த அட்டையைப் பத்துத் தடவையாவது வாங்கி வாங்கிப் பார்த்திருப்பாள். அகதியாகப் போன இடத்திலும் ஏரி பார்க்கப் போகிற ஒரு பொடியன்! ஏழு வருடம் கழித்து அந்தச் சம்பந்தம் வந்தபோது படமும் கேட்கவில்லை, வேலையும் கேட்கவில்லை. உண்மையைச் சொன்னால் அவள் கட்டிக்கொண்டது அந்த ஏரியைத்தான். மொன்ட்ரியாலுக்குப் புறப்படும்போது தங்கைக்காரி அட்டையை அவளுக்கே கொடுத்துவிட்டாள். இன்றைக்கும் அது சாமியறை மேசை லாச்சியில், பிளாஸ்டிக் உறைக்குள் இருக்கிறது. கோபம் வரும் நாட்களில் எடுத்துப் பார்ப்பாள். சிநேகிதரோடு தோணியில் போகத் தெரிந்த மனிதருக்குக் கட்டியவளை ஒரு குளக்கரைக்குக் கூட்டிப்போகத் தெரியவில்லையே என்று கோபம் இரட்டிப்பாகும்.

"சுற்றுப்புறம்" பகுதியில் இருந்தது இவ்வளவுதான்: "வடக்கே செங்கல் சூளை, நான்கு கிலோமீற்றர். கிழக்கே ஆற்றுப்பாலம், இரண்டரை. மேற்கே பைன் காடு, கடைசி இருக்கை வாங்கு வரை ஆறு கிலோமீற்றர். தெற்கே குன்று, ஐந்து. குன்றின் மேலிருந்து பார்த்தால் ஏரி தெரியும்."

சிவநேசம் தாளைத் திருப்பிப் பார்த்தாள். வெறுமையாக இருந்தது. பத்தொன்பதாம் பக்கத்தில் மறுபடி மணிக்கூண்டு.

"ஏரி எங்கை?"

"எழுதியிருக்குத்தானே. தெரியும் எண்டு."

"தெரியும் எண்டால் போதுமோ? எவ்வளவு ஆழம், எங்கை தோணி எடுக்கிறது, கரையிலை என்ன இருக்கு? பேக்கரிக்காரன்ட அடுப்புக்கு ஒரு பக்கம் எழுதினனீங்கள், ஏரிக்கு ஒரு வரியோ?"

"அது லோர்வாங் இல்லை. பக்கத்து மாவட்டம்."

"மாவட்டத்துக்கு நான் என்ன செய்ய? சனம் ஏரி பாக்கத்தானே வருது! தண்ணி குளிர் எண்டாவது எழுதுங்கோவன்!"

ஸ்ரீதரன் கோப்பையைக் கீழே வைத்தார். அந்த நேரம் பார்த்துக் கஜீவன் தொலைபேசி எடுத்தான். சிவநேசம் ஒலிபெருக்கியில் போட்டாள்.

"பெரியம்மா, ரெண்டு பேற்றை பாஸ்போர்ட்டையும் படம் எடுத்து இண்டைக்கே அனுப்புங்கோ. நாளைக்கு டிக்கெட் அடிக்கப்போறன். பெரியப்பா, ஏரியைப் பற்றி மட்டும் வடிவா எழுதிவிடுங்கோ. அங்கை நீங்கள்தான் எங்கட கைட். மைக்கை உங்களிட்டைத் தந்துவிடுவன்."

"நான் வரேல்லை," என்றார் ஸ்ரீதரன்.

"என்ன?"

"பெரியம்மாவைக் கூட்டிக்கொண்டு போ. எனக்கு முழங்கால் நோ." எழுந்தார். சப்பாத்தைப் போட்டார். "பால் முடிஞ்சுது. டெப்பனர் கடைக்குப் போட்டு வாறன்."

குளிர்சாதனப் பெட்டியில் இரண்டு லீற்றர் பால் பிரிக்காமல் இருந்தது. அதைச் சொல்வதற்குள் கதவு மூடிவிட்டது.

சிவநேசத்துக்குத் தலை கொதித்தது. வேலைத்தலத்தில் லீவு எழுதிக் கொடுத்தாகிவிட்டது. அங்கே தட்டு அடுக்கும் அத்தனை பெண்களுக்கும், "நானும் அவரும் போறம்," என்று சொல்லியாகிவிட்டது. இவர் வராவிட்டால் தனியாகப் போகலாம்தான். தடுக்க ஆள் இல்லை. ஆனால் இவர் இல்லாமல் அந்த ஏரிக்கரையில் நின்று அவள் என்ன செய்ய? போகமாட்டாள். அது அவளுக்கே தெரிந்திருந்ததுதான் எல்லாவற்றிலும் பெரிய எரிச்சல். "விசர் மனுசன்," என்று சுவருக்குச் சொன்னாள். "பாப்பம், நான் உன்ர பாஸ்போர்ட்டை அனுப்பாமல் விடுறனோ எண்டு."

அலுமாரியிலிருந்து நீல ஃபைலை இழுத்தெடுத்தாள். இத்தனை வருடத்தில் அவள் அதைத் திறந்ததே இல்லை. பிடிக்காத பொருளை யார் தொடுவார்? கடவுச்சீட்டு மேலேயே இருந்தது. படம் எடுத்துக் கஜீவனுக்கு அனுப்பினாள். மூடப்போனபோது அடியில் ஒரு கட்டுத் தாள் துருத்திக்கொண்டு நின்றது. பழுத்துப்போன தாள்கள், ஆறோ ஏழோ. எல்லாம் ஜெர்மன். எல்லாவற்றிலும் வட்ட முத்திரை. மேலே இருந்த தாளின் திகதியில் அவள் கண் நின்றது. 12.07.1986.

அந்தத் திகதி அவளுக்கு மனப்பாடம்.

கைபேசியில் மகள் தனுஷா மொழிபெயர்க்கும் செயலி ஒன்று போட்டுக் கொடுத்திருந்தாள், பிரெஞ்சுக் கடிதங்களை வாசிப்பதற்கு. அதைத் தாளுக்கு மேலே பிடித்தாள். எழுத்துகள் நடுங்கி நடுங்கித் தமிழாக மாறின.

"மாவட்ட அலுவலகம். கோரப்பட்ட பயணம்: 12.07.1986, சனிக்கிழமை, ஒரு நாள். விண்ணப்பதாரர் மாவட்டத்தின் எல்லையை விட்டு வெளியேறுவதற்கு அனுமதி மறுக்கப்படுகிறது. ஏரியைப் பார்க்கும் விருப்பம் கட்டாயக் காரணம் அல்ல."

செயலிக்கு விசர் என்று நினைத்தாள். கையைத் தூக்கி மறுபடி பிடித்தாள். அதே வசனம். அடுத்த தாள் 1987. அதே ஏரி, வேறு திகதி, அதே மறுப்பு. அடுத்தது எண்பத்தெட்டு. லாச்சியைத் திறந்து தபாலட்டையை எடுத்து வந்து முதல் தாளுக்குப் பக்கத்தில் வைத்தாள். ஒரே நாள். ஒன்றில் போகக்கூடாது என்று முத்திரை. மற்றதில் போனேன் என்று அவர் கையெழுத்து.

அவள் அப்படியே கதிரையில் இருந்துவிட்டாள். எத்தனை தடவை இந்த அட்டையை வைத்து மனதுக்குள் அவரைத் திட்டியிருப்பாள்! எரிச்சல் அப்படியேதான் இருந்தது. ஆனால் அதை இனி அவர்மேல் இறக்கிவைக்க இடமில்லை. நாலாயிரம் பேர் இருக்கும் ஒரு ஊரைச் சுற்றி மாவட்ட எல்லையென்று யாரோ கீறிய கோட்டின்மேல் அதை எப்படி இறக்கிவைப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை.

ஸ்ரீதரன் பாலோடு வந்தார். மேசையில் கிடந்ததைப் பார்த்ததும் சப்பாத்தைக் கழற்றாமலே நின்றார்.

"போகேல்லையோ நீங்கள்?" என்றாள்.

"இல்லை," என்றார்.

"தண்ணி குளிர் எண்டு எழுதியிருக்கிறியள்?"

"மலைத்தண்ணிதானே. குளிராத்தான் இருக்கும் எண்டு எழுதினன்."

"தோணி?"

"குன்றிலை இருந்து பாக்க வெள்ளையாப் புள்ளி ஒண்டு தெரியும். தோணி எண்டுதான் நினைக்கிறன்." பால் பையை மேசையில் வைத்தார். "வீட்டுக்கு என்னத்தை எழுத? ஒரு வேலையும் இல்லை, மாவட்டத்தை விட்டுப் போகவும் விடமாட்டினம், சாப்பாட்டுச் சாமானும் மூட்டையிலைதான் தருவினம் எண்டு எழுதினா அம்மா நித்திரை கொள்ளுவாவோ? தபாற்கந்தோரிலை ஏரிப் படம்தான் வித்தவங்கள். ஊர்ப் படம் இல்லை. எல்லாப் பொடியளும் அதைத்தான் அனுப்பினவங்கள்."

"எனக்குச் சொல்லியிருக்கலாமே. முப்பத்திரண்டு வருசம்!"

"நீர் அந்த அட்டையைச் சாமியறையிலை வச்சிருக்கிறீர்," என்றார் ஸ்ரீதரன். "எப்பிடிச் சொல்லுறது?"

சிவநேசம் ஃபைலைக் காட்டினாள். "இதையேன் எங்கையும் காவித் திரியிறியள்?"

"மூண்டு வருசமாக் கேட்டும் விடேல்லை. எண்பத்தொன்பதிலை ஒருநாள் கேக்காமல் பஸ் ஏறினன். மாவட்டம் முடியிற இடத்திலை மஞ்சள் பலகை ஒண்டு இருக்கும். அதுக்கு அங்காலை முதல் தரிப்பிலையே பொலிஸ் ஏறினது. பேப்பர் எங்கை எண்டு கேட்டான். அறையிலை எண்டன். மற்ற ஆக்கள் எல்லாரும் பாத்துக்கொண்டிருக்க இறக்கினாங்கள். ஒரு இரவு உள்ளுக்கை. மூண்டு கிலோமீற்றர் இருந்திருக்கும் ஏரிக்கு." அவர் கதிரையை இழுத்து இருந்தார். "இப்ப இவன் கஜீவன் மைக்கைத் தந்து ஏரியைப் பற்றிச் சொல்லு எண்டுறான். நாப்பது சனத்துக்கு முன்னாலை, உமக்கு முன்னாலை, என்னத்தைச் சொல்ல? கூட்டிக்கொண்டு போறவனே போகாத இடம்."

கோர்ன்வாலில் திருப்பிய கார் சிவநேசத்துக்கு நினைவுக்கு வந்தது. அதைப் பிடிவாதம் என்றே இவ்வளவு காலமும் நினைத்துக்கொண்டிருந்தாள். அழுதால் இந்த மனிதர் எழுந்து மறுபடி பால் வாங்கப் போய்விடுவார் என்று பயந்து கைபேசியைத் தூக்கினாள்.

"கஜீவன், அந்த ஏரியிலை எவ்வளவு நேரம் நிக்கிறம்?"

"அது படம் எடுக்க மட்டும் நிக்கிற இடம் பெரியம்மா. இருபது நிமிசம்."

"இருபது நிமிசம் காணாது. விடிய இருந்து பின்னேரம் வரை நிக்கவேணும்."

"ஐயோ பெரியம்மா! மத்தியானச் சாப்பாடு அங்காலை அடுத்த ஊரிலை ஓர்டர் பண்ணியாச்சு. நாப்பது பேருக்கு!"

"சாப்பாட்டுக் கதை எனக்குச் சொல்லாதை. இருபத்திரண்டு வருசமா நான் அதைத்தான் அடுக்கிறன். பெட்டியிலை போட்டு ஏரிக்கரைக்குக் கொண்டுவரச் சொல்லு. ஏலாட்டி எங்கள் ரெண்டு பேரையும் அங்கை இறக்கிவிட்டிட்டு நீங்கள் போங்கோ. தோணி எங்கை எடுக்கிறதெண்டும் கேட்டு வை."

"பெரியப்பா வரேல்லை எண்டாரே?"

"வாறார். பாஸ்போர்ட் அனுப்பியிருக்கிறன், பார்." வைத்துவிட்டாள்.

ஸ்ரீதரன் வேண்டாம் என்று சொல்லவில்லை. தபாலட்டையை எடுத்து, தன்னுடைய பழைய கையெழுத்தை வேறு யாரோ எழுதியது போலப் பார்த்துக்கொண்டிருந்தார். சிவநேசம் பதினெட்டாம் பக்கத்துக்கு வந்து, விட்ட இடத்திலிருந்து தட்டெழுதினாள். "குன்றின் மேலிருந்து பார்த்தால் ஏரி தெரியும்." ஒரு சொல்லும் கூட்டவில்லை, குறைக்கவில்லை.

"மிச்சத்தைப் போய்ப் பாத்திட்டு வந்து எழுதுங்கோ," என்றாள். "ஆனால் ஸ்வீடன்காரரை நான் வெட்டத்தான் போறன்."

"ஒரு பக்கமாவது விடும்."

"அரைப் பக்கம்."

அவர் தலையாட்டினார். பழுத்த தாள்களை ஒவ்வொன்றாக அடுக்கி ஃபைலுக்குள் வைத்து, அதை மூடி, மேலே கையை வைத்துக்கொண்டார். பிறகு, பள்ளிக்கூடத்தில் பின்வாங்கில் இருப்பவன் போலத் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"இதையும் கொண்டுவரட்டோ?"

முப்பத்திரண்டு வருடம் அவள் பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்த ஃபைல். சிவநேசம் அதை அவர் கையிலிருந்து வாங்கி, தன்னுடைய கைப்பைக்குள் வைத்துச் ஸிப்பை இழுத்து மூடினாள்.

"இது என்னட்டை இருக்கட்டும்," என்றாள். "பேப்பர் கேக்க வாறவனை நானும் ஒருக்காப் பாக்கவேணும்."